மாப்பிள்ளை வண்டியை ஒதுக்கிய வெள்ளைச் சேலைகள்

மாப்பிள்ளை வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். மாலையும் சந்தனமுமாக எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வயலைப் பார்த்து நின்றார்.

அவருக்கு அப்பாவோ மாமாவோ தெரியாது, பருத்த மனிதர் ஒருவர், அவரும் இறங்கினார். சாலையோரத்து மைல்கல்லில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். நாயனக்காரர் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவிலும் நின்றது. கல்யாண வண்டிகள் எல்லாம் ஓரங்கட்டி நிற்க, நாங்கள் ஏறியிருந்த மாட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களைத் தாண்டிப் போயின.

"பாருங்கட்டி, நம்ம ஸ்கூலுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு மரியாதைன்னு," என்றாள் ரூத்து.

ரூத்து என் தோழி. போர்டிங்கில் என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. எதையும் சத்தமாகச் சொல்வாள், எதற்கும் முதலில் சிரிப்பாள். அவள் சொன்னதும் நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டோம். அவள் அதோடு நிற்காமல், கவர்னர் சம்சாரம் மாதிரி மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள்.

எங்கள் வண்டிக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மாட்டை முடுக்கினார்.

"அந்த மாப்பிள்ள ஏன் அண்ணாச்சி இறங்கி நிக்காரு?" என்று கேட்டேன்.

"நீங்க அதயெல்லாம் மனசுல வச்சிக்கிடாதிய தாயி," என்றார். "அவனவன் தலையில எழுதினது."

மாப்பிள்ளைக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் ஊர் வெள்ளை

இது பெரிய யுத்தத்துக்கு முந்தின சங்கதி. வருஷம் கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். போன வாரம் போர்டிங் சமையல்கட்டைப் பற்றி எழுதியதற்குத் தென்காசி வாசகர் ஒருவர், 'அது எந்த வருஷத்தில்?' என்று கார்டு போட்டிருந்தார். எனக்கு அந்த ரசத்தின் ருசி ஞாபகம் இருக்கிறது. வருஷம் இல்லை.

பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் போர்டிங் பிள்ளைகளுக்கு வெளியுலகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற சாலைதான். அதிலும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, தரையைப் பார்த்து நடக்க வேண்டும். அந்தச் சாலையில் கிடந்த கற்கள் எல்லாம் எனக்குப் பழக்கம். மரம் ஒன்றுகூடப் பழக்கமில்லை.

அப்படிப்பட்ட எங்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், பாபநாசத்தில் பஞ்சு மில், ஆறு, அருவி எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டு வரலாம் என்று சொன்னது ஞானமணி அக்கா. எங்களுக்குப் பூகோளம் நடத்தியவர்கள். 'அருவியைப் பார்க்காத பிள்ளைக்கு அருவியைப் பாடமாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று மிஸ்ஸியம்மாவிடம் போய் நின்றார்கள். மிஸ்ஸியம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையான வெள்ளைக்கார அம்மாள். நன்றாகத் தமிழ் பேசுவார்கள், அதைவிட நன்றாக ஏசுவார்கள்.

ஞானமணி அக்கா தேரிக்காட்டுப் பக்கத்துக்காரர்கள். சின்ன வயசு. சாயங்காலம் எங்களோடு பந்து எறிந்து விளையாடுவார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது நாங்களாகவே செய்துகொண்ட முடிவு. ரூத்து தன் சித்தப்பாவுக்கு அவர்களைக் கட்டி வைக்க ஏற்பாடே செய்துகொண்டிருந்தாள். இந்த ஏற்பாடு சித்தப்பாவுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

புறப்படுகிற சமயத்தில் மிஸ்ஸியம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது. வர முடியவில்லை. படுத்த இடத்திலிருந்தே ஓர் உத்தரவு மட்டும் வந்தது: மில்லைச் சுற்றிக் காட்டப்போகிறவர் ஒரு துரை, ஆகையால் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்பு என்றால் வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை. கஞ்சி முறுக்கில் உட்கார்ந்தால் மொடமொடவென்று சத்தம் கேட்கும். போர்டிங்கில் நகை கூடாது, ஆகவே கையில் வளையல் இல்லை, கழுத்தில் ஒரு மணி இல்லை. பூ வைக்கக் கூடாது. பொட்டு எங்கள் வீடுகளிலேயே கிடையாது.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எங்களுக்குத்தான் மத்தியானம் வரை விளங்கவில்லை. வண்டி வண்டியாகக் கைம்பெண்கள், அத்தனையும் இளசுகள், கல்யாண வண்டிக்கு எதிரே வந்தால் எந்த மாப்பிள்ளைதான் இறங்கி நிற்க மாட்டார்?

வெள்ளைச் சேலைக்கு அப்படி ஓர் அர்த்தம் உண்டு என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அது அடுத்த ஊர் வெள்ளைக்கு. எங்கள் ஊர்களில் வெள்ளை என்றால் ஓய்வுநாள், பண்டிகை. கல்யாணப் பெண்ணே வெள்ளைப் பட்டு உடுத்திக்கொண்டுதான் கோயிலுக்கு வருவாள். வெள்ளையைக் கட்டினால் எங்களுக்கு மனசு தானாகக் குதிக்கும். குதிக்கிறவளைப் பார்த்து ஒருவர் அழுவார் என்று எப்படித் தோன்றும்?

ஜன்னல் ஓரம்

விடியற்கருக்கலில் கிளம்பி, வண்ணார்பேட்டை வழியாக நடந்து, ஆற்றுப்பாலம் தாண்டி ஸ்டேஷனுக்குப் போனோம். புளிச்சோற்று மூட்டைகளில் ஒன்றை நான் சுமப்பதாக நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லாரும் என்னை நல்ல பிள்ளை என்றார்கள். எனக்கு வழியெல்லாம் அந்த நல்லெண்ணெய் மணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் ஒரு பூக்காரி எங்களைக் கண்டதும் கூடையை முந்தானையால் மூடினாள். பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். ரயிலுக்குள் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து எங்களுக்கு ஜன்னல் ஓரங்களை விட்டுக்கொடுத்தார்கள். உலகம் இவ்வளவு நல்லதாக இருக்கும்போது நம்மை ஏன் இத்தனை நாள் உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது.

எனக்கு எதிரே இருந்த ஓர் அம்மாள் என் கன்னத்தைத் தடவினாள்.

"இந்த வயசுலயே உனக்கு இப்படியாம்மா?"

"ஆமா," என்றேன், ரயிலை நினைத்துக்கொண்டு. "எங்க வீட்டுல எனக்குத்தான் மொதல்ல."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மத் தொடங்கினாள். ரயில் பயணம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜன்னலை அவளுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்கு முன்னால் நான் ஊர் பார்க்கப் போனது ஒரே ஒரு தடவைதான். என் அப்பா கிராமத்து உபதேசியார். ஊர் ஊராகப் போய் ஜெபக்கூட்டம் நடத்துவது அவர் வேலை. குலசேகரன்பட்டினத்துப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனபோது என்னையும் தோளில் வைத்துக்கொண்டு போய்க் கடலைக் காட்டினார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அழுதேன். "அக்கரையக் காணலையேப்பா" என்று அழுதேனாம். ஆறு பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கரை மட்டும் இருக்கிற தண்ணீர் யாரோ பாதியில் விட்ட வேலை மாதிரி இருந்திருக்கிறது. அப்பா ஒரு துண்டு கருப்புக்கட்டியை வாயில் திணித்த பிறகுதான் அடங்கினேன்.

அன்றைக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஊர் பார்க்கப் போகிறவள் கையில் தின்பதற்கு ஏதாவது வைத்திருக்க வேண்டும். அந்த ஞானத்தை இன்று வரை கைவிடவில்லை.

சேரன்மாதேவி போனது, கல்லிடைக்குறிச்சி போனது. அதைத் தாண்டி ஆற்றுப்பாலத்தில் ரயில் தடதடத்தபோது எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தோம். தண்ணீருக்குள் மணல் தெரிந்தது. எதிரே மலை ஜன்னல் கொள்ளாமல் நின்றது. அம்பாசமுத்திரத்தில் இறங்கி மாட்டுவண்டி ஏறினோம். மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தது அந்த வழியில்தான்.

பஞ்சும் மீனும்

மில்லுக்குள் நுழைந்ததும் காது போய்விட்டது. ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி விழவைத்து, அந்த வேகத்தில்தான் இத்தனையும் சுற்றுகிறது என்று துரை இங்கிலீஷில் கத்தினார். அதை ஞானமணி அக்கா தமிழில் கத்தினார்கள். எங்களுக்கு இரண்டும் கேட்கவில்லை. ஆனால் நூல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தது போதும். நம் ஊர் வாய்க்கால்களும் இருக்கின்றனவே, எருமை குளிப்பாட்டுகிறதற்கு என்று நினைத்தேன்.

பஞ்சு காற்றில் பறந்து எங்கள் தலையெல்லாம் படிந்தது. வேலைக்காரப் பெண்கள் எங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஜாடை காட்டி, உதட்டைப் பிதுக்கினார்கள். ரூத்து பஞ்சு மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே வெளியே வந்தாள். வெளியே வந்தும் கொஞ்ச நேரம் எல்லாரும் கத்தியே பேசிக்கொண்டிருந்தோம்.

அங்கிருந்து பாபநாசம் படித்துறை. சிவன் கோயிலை வெளியே நின்று பார்த்தோம். படித்துறை மீன்களைப் பார்க்க மட்டும் கீழே இறங்கினோம். அந்த மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள், அதனால் அதற்குப் பயமே கிடையாது. கை நீளம், கை மொத்தம். ஒரு பிடி பொரியை வீசினால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைத் திறக்கும். ஒரு மீன் பொரியை விட்டு ரூத்துவின் கால் விரலைக் கவ்வியது. அவள் போட்ட கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் படியில் உட்கார முடியவில்லை.

மேல்படியில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "சிரிக்குதுகளே," என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பாவம், புத்தி பேதலிச்சிட்டோ என்னமோ."

இந்த ஊர்க்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

அதே படித்துறையில் சற்றுத் தள்ளி, நாற்பது வயசிருக்கும் ஓர் அம்மாளும், எங்கள் வயசில் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தாள். வளையல் இல்லை, பூ இல்லை. யாரோ வேறு மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று நினைத்தேன். எந்த ஸ்கூல், அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்கவும் நினைத்தேன். நெற்றியில் திருநீறு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர்கள் எங்களைத் தப்பாக நினைத்தார்கள் என்றால் நான் மட்டும் என்ன வாழ்ந்தது?

ஒரு மோர்மிளகாய்

படித்துறையை விட்டுத் தள்ளி, மருத மரங்களுக்கு அடியில் இலை போட்டோம். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், ஆளுக்கு ஒரு வறுத்த மோர்மிளகாய். நான் என் மிளகாயைக் கடைசி வாய்க்கு என்று இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். ரூத்து தன்னுடையதை முதலிலேயே தின்றுவிட்டு, நான் மலையைப் பார்த்த நேரத்தில் என்னுடையதையும் எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, வையி கீழ."

"எத?"

"வாயில இருக்கத."

"வாயில இருக்கத எப்படிட்டி கீழ வைக்க?"

நான் அவள் பின்னலைப் பிடித்தேன். அவள் என் காதைப் பிடித்தாள். துவையல் கவிழ்ந்தது. சமாதானம் செய்ய வந்தவளும் அதில் மாட்டிக்கொண்டாள். ஞானமணி அக்கா இரண்டு பேரையும் பிடித்துப் பிரிப்பதற்குள் என் வெள்ளைச் சேலையில் புளி ஒட்டி, அவள் வெள்ளைச் சேலையில் என் ஐந்து விரலும் பதிந்துவிட்டது.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். படித்துறையில் கண்ட பெண் அவள் அம்மாவுக்குப் பின்னால், அடுத்த மரத்தடியில் இருந்தாள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் அம்மா எழுந்து எங்களிடம் வந்தாள். கொஞ்சம் தள்ளியே நின்று ஞானமணி அக்காவைப் பார்த்துப் பேசினாள்.

"தாயி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனச்சிரக் கூடாது. தாலியறுத்த பிள்ளைகளத்தான் உங்க பள்ளிக்கூடத்துல சேப்பியளா?"

மாப்பிள்ளையின் முதுகு, பூக்காரியின் கூடை, ரயிலில் அழுத அம்மாள், எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கியது. 'எங்க வீட்டுல எனக்குத்தான் மொதல்ல' என்று சொன்னேனே, அதுவும் விளங்கியது. பக்கத்தில் ரூத்து சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கத் தொடங்கினாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

"எம் மவ கோமதி," என்றாள் அந்த அம்மாள். "ஆண்டுத் திவசம் முடிஞ்சு ஆத்துல முழுக்காட்டக் கூட்டியாந்தேன். போன வருஷம் அந்தப் பாவி மவன் போனதுல இருந்து பேச மாட்டக்கா தாயி. சோத்த வச்சா அப்படியே இருக்கும். நாலு பேரு வந்து அவளப் பாத்து அழுதுட்டுப் போவாவ, இவ சொவத்தப் பாத்துக்கிட்டு இருப்பா. இப்படியே போனா எனக்குப் பிள்ள மிஞ்சாது. இப்பம் இந்தப் பிள்ளைக மொளகாக்குச் சண்ட போடுததப் பாத்துச் சிரிச்சா. நான் பாத்தேன். இவளையும் உங்ககூடச் சேத்துக்கிடுங்க."

ரூத்து குலுங்குவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா சொன்ன பதில்

ஞானமணி அக்கா பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்கள்: "ஆமா, எல்லாரும் அறுத்த பிள்ளைகதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த அம்மா அங்கனயே மகள எங்கிட்ட விட்டுட்டுப் போயிருப்பாவ. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு."

வந்த பொய்யை விழுங்கிவிட்டார்கள்.

"இல்லக்கா. நாங்க வேதக்காரங்க, ஏசுசாமியக் கும்பிடுதவங்க. எங்களுக்கு ஓய்வுநாள் உடுப்பே வெள்ளதான். இதுக எல்லாம் கல்யாணம் ஆவாத பிள்ளைக."

அந்த அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "மன்னிச்சிரணும் தாயி, தெரியாமப் பேசிட்டேன்," என்று திரும்பினாள். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. காலையில் பார்த்த முதுகுக்குச் சிரித்தோம். இதற்கு அழுகை வந்தது.

"நான் ஒருத்தி இருக்கேன்," என்றார்கள் ஞானமணி அக்கா.

அவள் நின்றாள். நாங்களும் அக்காவின் முகத்தைப் பார்த்தோம். இத்தனை நாள் எங்களோடு பந்து எறிந்தவர்கள். எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. ரூத்து தன் சித்தப்பாவை அந்த நிமிஷமே மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"எந்த வயசுல?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"இவ வயசுதான் இருக்கும். அவியளுக்கு வாந்திபேதி. ஒரே நாளு."

"சோறு எறங்குச்சா?"

"மொதல்ல எறங்கல. இப்பம் இந்தப் பிள்ளைகட்ட கேளுங்க, நான் எவ்வளவு திங்கேன்னு."

"சிரிப்பு?"

அக்கா யோசித்தார்கள். "மொதல்ல வந்தது சிரிப்பு இல்லக்கா, கோவம். பள்ளிக்கூடத்துல சேந்த புதுசுல ஒருத்தி என் பலகையத் தட்டி விட்டுட்டா. நல்லா ஏசிட்டேன். ஏசி முடிச்சதும் பாத்தா, பசிக்கி."

அந்த அம்மாள் மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அருவிக்குப் போறியளா? நாங்களும் அங்கனதான் போறோம்," என்றாள். அது உண்மையில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர்களுடைய வண்டி ஊருக்குத் திரும்புகிற பக்கம் பார்த்து நின்றது.

அருவியில் ஒரு ஏச்சு

மலைப்பாதையில் கோமதி எங்களோடு நடந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கோ அவளை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. ஒருத்தி முள்ளை விலக்கினாள், ஒருத்தி கையைப் பிடித்து ஏற்றினாள். நான் என் குரலையே மாற்றிக்கொண்டு, காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி, "பாத்து வாங்க" என்றேன். வாழ்க்கையில் நான் ரூத்துவையோ அவள் வயசுக்காரி ஒருத்தியையோ 'வாங்க' என்று சொன்னதில்லை. காலையிலிருந்து ஊரார் எங்களுக்குச் செய்ததைத்தான் நாங்கள் அவளுக்குச் செய்துகொண்டிருந்தோம். பரிதாபம் சொறி மாதிரி, பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்தது. பிறகு முகத்தில் சாரல். பாறையைச் சுற்றித் திரும்பியதும் அருவி எதிரே நின்றது, வானத்திலிருந்து யாரோ நிறுத்தாமல் மாவு கொட்டுகிற மாதிரி. கால் மட்டும் நனைக்கலாம் என்று அக்கா சொன்னார்கள். அருவி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் உள்ளே இருந்தோம். கஞ்சியெல்லாம் கரைந்து ஓடியது. முதுகில் அடி விழ விழ, கத்துவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம். பூகோளப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றரை வரி இருந்தது. எழுதினவர் நனையாதவர்.

கோமதியை நல்ல இடமாகப் பார்த்து, தண்ணீர் மெதுவாக விழுகிற ஓரத்தில் நிறுத்தியிருந்தோம். அவளைச் சுற்றி இடம் விட்டு, பூஜைக்கு வைத்த விளக்கு மாதிரி. ரூத்துதான் கெடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து, கோமதியின் பாதத்தில் முழு பாரத்தையும் வைத்து ஏறி நின்றாள்.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

யார் சொன்னது என்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. கரகரத்த குரல், நாளாகத் திறக்காத கதவு மாதிரி.

"காலச் சதச்சிட்டியே. எரும."

ரூத்துவுக்குக் கருணை, பரிதாபம் எல்லாம் உண்டு. ஆனால் எருமை என்றால் தாங்க மாட்டாள். "நீ ஏன் வழியில நிக்கே? அருவி என்ன உங்க வீட்டு முத்தமா?"

"நான் மொதல்ல வந்தேன்."

"நாங்க காலைலயே கெளம்பிட்டோம்ட்டி."

"பொறவு பைய வர வேண்டியதான. கண்ண மூடிக்கிட்டு வார."

"நான் எப்படியும் வருவேன்."

"வந்து பாரு."

ரூத்து வந்தாள். கோமதி தள்ளினாள். ரூத்து வழுக்கி உட்கார்ந்து, விழும்போது என்னையும் சேர்த்து இழுத்தாள். நான் விழும்போது கோமதியின் முந்தானையைப் பிடித்தேன். நாலைந்து பேர் ஒன்றாகத் தண்ணீரில் கிடந்தோம். யார் கால் யாருடையது என்று தெரியாத நிலையிலும் அவர்கள் இரண்டு பேரும் ஏச்சை நிறுத்தவில்லை.

மற்ற நாளாக இருந்தால் ஞானமணி அக்கா வந்து ரூத்துவின் காதைத் திருகியிருப்பார்கள். அன்றைக்கு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கோமதியின் அம்மா ஈரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏசுதா," என்றாள். "கேட்டியளா தாயி, எம் மவ ஏசுதா."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் வந்தது. என் மோர்மிளகாய் போனதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. ரூத்துவிடம் அதை இன்று வரை சொல்லவில்லை.

வேர்க்கடலையும் அதற்குப் பிறகும்

திரும்புகிற ரயிலுக்கு வந்தபோது எங்கள் வெள்ளை எல்லாம் செம்மண்ணும் பாசியும் புளியுமாக இருந்தது. அந்தக் கோலத்தில் பார்த்த கடலைக்காரர் கண்கலங்கிப் போனார். வாங்கினதற்கு மேல் ஒரு படி கடலையை எங்கள் மடியில் கொட்டினார். விளக்கம் சொல்லலாம்தான். ஆனால் ரூத்து முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற அழகில் யாருக்கும் வாய் வரவில்லை. ஞானமணி அக்கா மில்லில் பார்க்காத இயந்திரத்தைப் பார்க்கிறவர்கள் மாதிரி ரயில் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஒரு பொய்யை விழுங்கினவர்கள், சாயங்காலம் ஒரு பிடி கடலையையும் விழுங்கினார்கள்.

கோமதியை அதோடு மறந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி படுக்கும்போது அவளைப் பற்றிப் பேசுவோம். வருவாள் என்று ரூத்து பந்தயம் கட்டினாள். எப்படி வருவாள்? அப்பா விடுவாரா, ஊர் விடுமா? வேதக்காரப் பள்ளிக்கூடத்துக்குப் பெண்ணை அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று அவர்கள் பயப்படுவார்கள். பயத்துக்கு முகாந்திரம் இல்லை என்று சொல்ல எங்களாலும் முடியாது.

பங்குனி வெயில் ஏறின ஒரு காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. முதலில் ஒரு பித்தளைக் குடம் இறங்கியது. பிறகு அந்த அம்மாள், பிறகு கோமதி.

"அவுக அப்பா என்ன சொன்னாவ?" என்று ஞானமணி அக்கா கேட்டார்கள்.

"கொஞ்ச நாளு எங்கிட்டப் பேசல. ஒருநா இவ தங்கச்சிக்காரிய ஏசுதத வாசல்ல நின்னு கேட்டாவ. மறுநா வண்டி கட்டச் சொல்லிட்டாவ."

மிஸ்ஸியம்மாவின் அறை ஜன்னலுக்கு வெளியே நானும் ரூத்துவும் நின்றோம். உள்ளே அந்த அம்மாள் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். கோட்டைப் பக்கம் இருக்கிற சித்தி வீட்டில்தான் தங்குவாள், அங்கேதான் சாப்பிடுவாள். திருநீற்றை அழிக்கச் சொல்லக் கூடாது. ஜெபத்துக்கு உட்காருவாள், ஆனால் முழங்கால் போட மாட்டாள். மிஸ்ஸியம்மா நெற்றியைச் சுருக்கி ஒவ்வொன்றையும் கேட்டார்கள். கடைசி நிபந்தனைக்கு மேஜைமேல் இருந்த வேதாகமத்தைத் திறந்தார்கள், மூடினார்கள். ரூத்து என் கையை நெரித்தாள்.

"சரி," என்றார்கள் மிஸ்ஸியம்மா. "உங்கள் மகள் இங்கே என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? எழுத்தா, கணக்கா, தையலா?"

"அதெல்லாம் நீங்க பாத்துக் குடுங்க," என்றாள் அந்த அம்மாள். "எங்க வீட்டுல அவளுக்கு எல்லாம் இருக்கும்மா. அவளப் பாத்து அழ ஊரே இருக்கு. தெனம் சண்ட போட ஒருத்தியும் இல்ல. அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

மிஸ்ஸியம்மா எழுந்து, பிசகின காலை இழுத்துக்கொண்டு கோமதியை எங்கள் வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் பின்பக்கமாக ஓடி அதற்குள் எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். வகுப்பில் எத்தனையோ இடம் காலியாக இருந்தது. மிஸ்ஸியம்மா எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ரூத்துவைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவளுக்குப் பக்கத்தில் கோமதியை உட்கார வைத்தார்கள்.